பொம்பிளையளைக் கண்டாத்தான் "தகுதி" கேக்கினம், சட்டம் என்ன கேக்குது?

யாழ்ப்பாணத்து ஏழாலையில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. ஏஎல் (பள்ளிக்கூட உயர்தரம்) வரைக்கும் படிச்சவ, மாதர் சங்கத்தில 11 வருசமாப் பொருளாளர். சனசமூக நிலையக் கூட்டத்தில, மந்திரி சபையில இன்னும் பொம்பிளையள் வேணும் எண்டு சொல்ல, ஒரு ஐயா எழும்பி "ஆம்பிளை பொம்பிளை பாக்கேலாது, தகுதி பாத்துத்தான் போடோணும்" எண்டாராம், சனமும் கைதட்டினதாம், இவவுக்கு மறுமொழி வரேல்லையாம். அமைச்சருக்கு உண்மையில என்ன தகுதி வேணும், பிரதேச சபைக்கு நிக்கச் சொல்லி ஒரு கட்சி கேக்குது, ஏஎல்லோட போகலாமோ எண்டு கேக்கிறா.

தங்கச்சி, இலங்கை அரசியலமைப்பில அமைச்சருக்கெண்டு ஒரு படிப்புத் தகுதியும் இல்லை. பாராளுமன்ற உறுப்பினரா இருக்கோணும். உறுப்பினராகவும் பட்டம் தேவையில்லை, வாக்காளராகிற தகுதி இருக்கோணும், இரட்டைக் குடியுரிமை இருக்கக்கூடாது, இன்னும் சில தடையள் இருக்கு, அவ்வளவுதான். பிரதேச சபைக்கும் படிப்பு கேக்கிறேல்லை, அதால ஏஎல் எண்டு தயங்காதேங்கோ. பொம்பிளையளுக்கெண்டு விசேஷ ஏற்பாடு செய்யிறது சமத்துவத்துக்கு எதிரில்லை எண்டு 12ஆம் உறுப்புரையின்ர 4ஆம் பந்தியிலயே கிடக்கு, அடுத்த கூட்டத்தில அந்த ஐயாவுக்கு அதை வாசிச்சுக் காட்டுங்கோ.

அதுக்காகத் திறமை தேவையில்லை எண்டு நான் சொல்லேல்லை, தேவை, நல்லாத் தேவை. ஆனா கேள்வி ரெண்டு பேரிட்டயும் ஒரே மாதிரி வரோணும். எங்கட வடக்கு மாகாண சபையையே பாருங்கோ. 2013 தேர்தலில அனந்தி சசிதரன் 87,870 விருப்பு வாக்கு (கட்சிப் பட்டியலில ஆளைத் தெரிஞ்சு போடுற வாக்கு) எடுத்தவா, முதலமைச்சரா வந்த விக்னேஸ்வரன் ஐயாவுக்கு அடுத்தபடியா அவாதான், எண்டாலும் முதலமைச்சரோட சேத்து அஞ்சு பேர் கொண்ட முதல் அமைச்சர் வாரியத்தில அஞ்சு பேரும் ஆம்பிளையள், அவாவுக்கு அமைச்சுக் கிடைக்க 2017 ஆகிட்டுது. சனம் குடுத்த வாக்கே தகுதியா எண்ணப்படேல்லை எண்டா வேற எதைக் காட்டுறது, எனக்கு இண்டைக்கும் அது மனசுக்க கிடக்கு.

கொழும்பிலயும் இதுதான். 1956ல விமலா விஜேவர்த்தன முதல் பெண் அமைச்சர், 1960ல சிறிமாவோ உலகத்திலயே முதல் பெண் பிரதமர், அப்பிடித் தொடங்கின நாட்டில 2024 நவம்பரில சத்தியப்பிரமாணம் செய்த 21 அமைச்சர்மாரில பொம்பிளையள் ரெண்டே ரெண்டு பேர், ஹரிணி அமரசூரியவும் சரோஜா போல்ராஜும். ஏன் எண்டா எடுக்கிற இடத்திலயே ஆக்கள் இல்லை, 225 பேரில பத்து வீதம் கூடப் பெண்கள் இல்லை, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில இருந்து போன 6 பேரும் ஆம்பிளையள். ஜனாதிபதி பாராளுமன்றத்துக்குள்ள இருந்துதான் எடுக்கலாம், பாராளுமன்றத்துக்கு ஆர் போறது எண்டதைக் கட்சி வேட்புமனுப் பட்டியல் எழுதேக்கயே முக்கால்வாசி முடிச்சுப்போடும், அந்தப் பட்டியலுக்குப் பெண்கள் ஒதுக்கீடு எண்டு ஒண்டும் இல்லை. அதால கூட்டத்தில அந்த ஐயா எழுப்பின தகுதிக் கேள்வியை மந்திரி சபையிட்ட இல்லை, வேட்புமனு எழுதிற மேசையில கேக்கோணும்.

உள்ளூராட்சியில மட்டும் சபை உறுப்பினரில 25 வீதம் பெண்களுக்கெண்டு ஒதுக்கீடு இருக்கு, 2018 தேர்தலில இருந்து. இதில ஒரு நுணுக்கம், கவனமா வாசியுங்கோ. வட்டாரத்தில நேர நிக்கிற பட்டியலில 10 வீதம் பெண்கள் இருந்தாப் போதும், மேலதிகப் பட்டியலில, அதாவது வட்டாரத்தில நிக்காமக் கட்சி எடுத்த வாக்குக்கு ஏத்தமாதிரிக் கிடைக்கிற ஆசனத்துக்கான பட்டியலில, பாதி பெண்கள் இருக்கோணும். அதால கட்சியள் வெல்லக்கூடிய வட்டாரத்தை ஆம்பிளையளுக்குக் குடுத்திட்டுப் பொம்பிளையளை மேலதிகப் பட்டியலில போட்டுவிடும், அந்தப் பட்டியலில இருந்து ஆரை உள்ள விடுறது எண்டதைப் பிறகு கட்சிதான் முடிவெடுக்கும்.

தங்கச்சி, நீங்கள் கடிதத்தோட அனுப்பின உங்கட மாதர் சங்கக் கடன் புத்தகப் படத்தைப் பெரிசாக்கிப் பாத்தன். தவணை தவறின வீட்டுக்கு நேர சிவப்புப் பேனையால "மாடு செத்தது", "அவர் ஆஸ்பத்திரியில", "கிணத்துத் தண்ணியில எண்ணெய், வெளியில வாங்கினம்" எண்டு காரணம் எழுதி வச்சிருக்கிறியள். காசு எங்க போச்சு, ஏன் நிண்டது எண்டு கேக்கிறதுதான் சபையிலயும் வேலை, அமைச்சிலயும் அதுதான் வேலை.

அதால கட்சிக்காரர் திரும்ப வந்தா ஓம் எண்ட முதல் எந்தப் பட்டியல் எண்டு கேளுங்கோ. வட்டாரம் எண்டா எந்த வட்டாரம், போன தேர்தலில அவைக்கு அங்க எத்தினை வாக்கு எண்டும் கேளுங்கோ. மேலதிகப் பட்டியல் எண்டா, ஆசனம் கிடைச்சா முதல் பேர் ஆற்றை எண்டு எழுத்தில தரச் சொல்லுங்கோ. அதைத் தந்தாப் பிறகு மற்றதைக் கதைக்கலாம்.