மைக்கறைல வௌவால் தெரிஞ்சா தப்பா?

கேள்வி: போன்ல ஒரு படம் ஃபார்வர்டு வந்துச்சு மேடம். முதல்ல மரம் தெரிஞ்சா சாந்தமானவங்க, முகம் தெரிஞ்சா முன்கோபின்னு கீழ போட்டிருந்துச்சு. எனக்கு முகம்தான் தெரிஞ்சுது. அதுலேர்ந்து வீட்டுக்காரர் "நான் சொன்னா நம்ப மாட்டே, இப்ப சைக்காலஜியே சொல்லுது பாரு"ன்னு ஒரே கிண்டல். இதுக்கு நெஜமாவே ஆதாரம் இருக்கா?

பதில்: சைக்காலஜி அப்படி ஒண்ணும் சொல்லலன்னு வீட்டுக்காரர்கிட்ட தைரியமா சொல்லுங்க. ரெண்டு விதமா தெரியிற படங்கள சைக்காலஜிஸ்ட்டுங்க நாங்க யூஸ் பண்றது வாஸ்தவம்தான், ஆனா குணத்த கண்டுபிடிக்க இல்ல. வாத்து-முயல்னு ரொம்ப பழைய படம் ஒண்ணு இருக்கு, 1892ல ஒரு ஜெர்மன் நகைச்சுவை பத்திரிகைல வந்துச்சு, ஜோசப் ஜாஸ்ட்ரோங்கற சைக்காலஜிஸ்ட் 1899ல அத எடுத்துப் பேசினப்புறம் பாடப்புத்தகம் வரைக்கும் போயிருச்சு. நீட்டிக்கிட்டு இருக்கறத அலகுன்னு எடுத்துக்கிட்டா வாத்து, அதையே காதுன்னு எடுத்துக்கிட்டா முயல். பேப்பர்ல ஒரு கோடு கூட நகரல, பாக்கறவங்களுக்கு மட்டும் படம் மாறிருது, அப்ப பாக்கற வேலைய கண்ணு மட்டும் செய்யல மூளையும் சேந்துதான் செய்யுதுன்னு காட்டறதுக்கு அத வெச்சுக்கறோம்.

இதே படத்தோட ஒரு மாதிரிய ஸ்விட்சர்லாந்துல சூரிச் மிருகக்காட்சி சாலை வாசல்ல வர்றவங்க போறவங்ககிட்ட காட்டி கேட்டிருக்காங்க, 1993ல வந்த ஆராய்ச்சி. ஈஸ்டர் ஞாயித்துக்கிழமை கேட்டப்ப பெரும்பாலானவங்க முயல்னாங்க, அக்டோபர்ல கேட்டப்ப பெரும்பாலானவங்க பறவைன்னாங்க. ஈஸ்டர் சமயத்துல அங்க எங்க திரும்பினாலும் முயல் பொம்மைதான், அவ்ளோதான் விஷயம். சூரிச்காரங்க குணம் ஆறு மாசத்துல மாறிருச்சா என்ன? உங்களுக்கு கோபம் வருதுன்னா அதுக்கு கிண்டல் பண்றவரையும் கொஞ்சம் விசாரிக்கணும்.

கேள்வி: தம்பிய ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட கூட்டிட்டு போறோம், மைக்கறை படம் காட்டி டெஸ்ட் பண்ணுவாங்களாம். தப்பா சொன்னா பைத்தியம்னு எழுதிருவாங்களோன்னு பயப்படறான். நெட்ல தேடி சரியான பதில சொல்லிக்குடுத்து அனுப்பலாமா?

பதில்: தயவுசெஞ்சு வேணாம். சரியான பதில்னு ஒண்ணு கிடையவே கிடையாது, மனப்பாடம் பண்ணிட்டு போனா டெஸ்ட்டே வீணாயிரும். ஸ்விட்சர்லாந்து மனநல டாக்டர் ஹெர்மன் ரோர்ஷாக் 1921ல வெளியிட்ட டெஸ்ட் அது (ஸ்கூல்ல படிக்கும்போதே பசங்க அவருக்கு வெச்ச பட்டப்பேரு மைக்கறைங்கற அர்த்தத்துலதான், எப்படி இருக்கு பாருங்க). புக்கு வந்த அடுத்த வருஷமே 37 வயசுல செத்துட்டார். மொத்தம் 10 அட்டை, 5 கறுப்பும் சாம்பலும், 2ல சிவப்பும் சேந்திருக்கும், மீதி 3 கலர். ஒவ்வொண்ணா கைல குடுத்து இது என்னவா இருக்கலாம்னு கேப்பாங்க.

தம்பி வௌவால்னு சொன்னா பயப்பட ஒண்ணுமில்ல, சில அட்டைகளுக்கு ரொம்ப பேர் சொல்ற பதிலே அதுதான். என்ன தெரிஞ்சுதுங்கறத விட எப்படி தெரிஞ்சுதுன்னுதான் நோண்டுவாங்க, முழு கறையையும் சேத்து பாத்தானா ஓரத்துல ஒரு துணுக்க மட்டும் பாத்தானா, வடிவத்த வெச்சு சொன்னானா கலர வெச்சா, அசையிற மாதிரி தெரிஞ்சுதா இல்லையான்னு. இதுக்கு மார்க் போடற முறையே ஆளுக்கு ஒண்ணா இருந்து, 1974ல ஜான் எக்ஸ்னர்ங்கற அமெரிக்க சைக்காலஜிஸ்ட் வந்துதான் ஒழுங்குபடுத்தினார். அப்புறமும் சண்டை ஓயல, நல்லா இருக்கறவங்களையும் நோயாளி மாதிரி காட்டிருதுன்னு நெறைய பேர் குறை சொல்றாங்க, அந்தக் குறைல நியாயம் இருக்குன்னுதான் எனக்கும் படுது. தாறுமாறா ஓடற யோசனைகள கண்டுபிடிக்கறதுல கொஞ்சம் உபயோகம் உண்டு. எப்படியும் இது ஒண்ண மட்டும் வெச்சு யாரும் முடிவு எழுதக்கூடாது, பேசிப் பாக்கணும், வேற டெஸ்ட்டும் பாக்கணும். அப்படி இல்லாம இந்த ஒண்ண வெச்சே முடிவு சொன்னாங்கன்னா இன்னொருத்தர்கிட்ட காட்டுங்க.

கேள்வி: ஒரு ஆராய்ச்சிக்கு வாலண்டியரா போயிருந்தேன். கண்ணுக்குக் கீழ, புருவத்து மேல, விரல்ல எல்லாம் ஒயர் ஒட்டி ஹெட்போன் மாட்டி படம் படமா காட்டினாங்க. பூ வந்துச்சு, குழந்தை வந்துச்சு, திடீர்னு வெட்டுப்பட்ட கை. நடுநடுவுல காதுல 'டப்'புனு ஒரு சத்தம், தூக்கிவாரிப் போட்டுருச்சு. மிஷின் ரிப்பேர்னு சொல்லலாமான்னு நெனச்சு கூச்சப்பட்டுட்டு வந்துட்டேன்.

பதில்: நல்லவேளை சொல்லல, அந்த சத்தம்தான் டெஸ்ட்டே! படிக்கற காலத்துல நானும் அந்த சேர்ல உக்காந்து துள்ளியிருக்கேன். திடீர் சத்தம் கேட்டா யாரா இருந்தாலும் கண்ண சிமிட்டுவோம், அத அடக்க முடியாது. கண்ணுக்குக் கீழ ஒட்டின ஒயர் அந்த சிமிட்டல் எவ்ளோ பலமா இருக்குன்னு அளக்குது. இதுல அழகு என்னன்னா, பூவ பாத்துட்டு இருக்கும்போது அதே சத்தம் வந்தா சிமிட்டல் சின்னதா இருக்கும், வெட்டுப்பட்ட கைய பாத்துட்டு இருக்கும்போது வந்தா பெருசா இருக்கும், உடம்பு ஏற்கனவே உஷாரா நிக்குது இல்லையா அதனால. புருவத்து ஒயர் நீங்க அறியாம சுளிக்கறத பிடிக்கும். விரல்ல ஒட்டினது வியர்வைக்கு, ஆனா அது மட்டும் இருந்தா ஏமாந்துருவோம், ஏன்னா ரொம்ப சந்தோஷத்துலயும் வியர்க்கும் ரொம்ப பயத்துலயும் வியர்க்கும், எவ்ளோ கிளர்ச்சின்னு சொல்லுமே ஒழிய நல்லதா கெட்டதான்னு சொல்லாது. அதுக்குத்தான் மூணு ஒயர்.

ஒவ்வொரு படத்துக்கும் அப்புறம் சின்ன சின்ன பொம்மை வரிசை வந்திருக்குமே? முதல் வரிசைல சிரிக்கற பொம்மைலேர்ந்து மூஞ்ச தொங்கப்போட்ட பொம்மை வரைக்கும், அடுத்த வரிசைல வயித்துக்குள்ள பட்டாசு வெடிக்கற மாதிரி ஒரு பொம்மைலேர்ந்து தூங்கி வழியிற பொம்மை வரைக்கும். 1லேர்ந்து 9க்குள்ள ஒண்ண தொடணும், எந்த மொழிக்காரங்களும் படிக்காமலே பதில் சொல்லலாம்னு அப்படி செஞ்சது. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துல பீட்டர் லாங், மார்கரெட் பிராட்லி குழு இந்த மாதிரி போட்டோக்கள பெரிய தொகுப்பா சேத்து, ஒவ்வொரு படத்துக்கும் சராசரி மார்க்கும் போட்டு வெச்சிருக்காங்க, உலகம் பூரா ஆராய்ச்சிக்காரங்க அதையே கேட்டு வாங்கி யூஸ் பண்றாங்க. வாங்கறவங்க படங்கள பத்திரிகைலயோ நெட்லயோ போடக்கூடாதுன்னு கண்டிஷன். முன்னாடியே பாத்துட்டு வந்தா யாரு துள்ளுவா?

கேள்வி: முகத்த பாத்தே மனசுல இருக்கறத சொல்லிரலாம்னு ஒருத்தர் கிளாஸ் எடுக்கறார். சேரலாமா?

பதில்: காச பத்திரமா வெச்சுக்கோங்க. 1960கள் கடைசில பால் எக்மன்ங்கற அமெரிக்க சைக்காலஜிஸ்ட் பாப்புவா நியூ கினில ஃபோரே மக்கள்கிட்ட போனார், வெளியுலகத்தோட அதிகம் பழகாதவங்க. "இவரு குழந்தை செத்துப்போச்சு"ன்னு ஒரு சின்ன கதை சொல்லி மூணு முகப் போட்டோல அந்தக் கதைக்குப் பொருந்தற முகம் எதுன்னு கேட்டார், பெரும்பாலும் சரியா தொட்டாங்க. பயத்தையும் ஆச்சரியத்தையும் மட்டும் பிரிக்க முடியல. அதே நாட்டோட ட்ரோப்ரியாண்ட் தீவுகள்ல பின்னாடி வேற குழு போய் பாத்தா, நாம பயந்த முகம்னு சொல்றத அவங்க மிரட்டற முகம்னு சொன்னாங்க. போட்டோல வேணும்னே செஞ்சு காட்டின முகத்துலயே இவ்ளோ தகராறு, நெஜ முகத்துல கேக்கணுமா.

கேள்வி: செஸ் போர்டு மேல நிழல் விழுந்த படத்துல A கட்டமும் B கட்டமும் ஒரே கலர்ங்கறாங்க. எனக்கு B வெளுப்பாத்தான் தெரியுது. கண்ணுல கோளாறா?

பதில்: ஒரு கோளாறும் இல்ல. அது எட்வர்ட் அடெல்சன்ங்கற பார்வை ஆராய்ச்சிக்காரர் 1995ல செஞ்ச படம், B கட்டம் நிழலுக்குள்ள இருக்கு, நிழல்ல இருக்கற பொருள் கறுத்துத் தெரியும்னு மூளைக்குத் தெரியும், அதனால கழிச்சுட்டு வெளுப்பா காட்டுது. ஒரு பேப்பர்ல ரெண்டு ஓட்டை போட்டு, அந்த ரெண்டு கட்டம் மட்டும் தெரியிற மாதிரி படத்து மேல வெச்சு பாருங்க, அச்சு அசலா ஒரே சாம்பல். பேப்பர எடுத்த அடுத்த நிமிஷம் B திரும்ப வெளுத்துரும், எனக்கும்தான், இத்தன வருஷமா.