மருத்துவர்மேல் ஏன் இவ்வளவு கோபம்? – மனநலக் கேள்வி-பதில்

மனத்தின் ஆழத்தில் இருப்பதைப் பேச்சின் வழியே ஆராயும் உளப்பகுப்பாய்வுச் சிகிச்சைக்காக மதுரைக்குப் போய்வருகிறேன். மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தாலே ஆத்திரம் பொங்குகிறது. நேரம் முடிந்தது எனக்கும் தெரியும். பிறகு ஏன்? – வாசகி, காரைக்குடி

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். மலேசியாவிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும் அப்பா, வீட்டு முன்கூடமான பட்டாலையில் பெட்டியைப் பிரிக்கும்போதே திரும்பும் தேதியையும் சொல்லிவிடுவார் என்று. எனக்கு அந்த வரிதான் உறைத்தது. அன்று அவரிடம் காட்ட முடியாத கோபம் இன்று மருத்துவரிடம் பாய்கிறதோ? பழைய உறவின் உணர்வுகள் இப்படிச் சிகிச்சையாளர்மேல் வந்து இறங்குவதைத்தான் உணர்வு இடமாற்றம் என்கிறோம். நான் சொல்வது ஊகம்தான். நீங்கள் இருவரும் அந்த அறையில் பேசித்தான் அதைக் கண்டடைய முடியும். "நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது" என்று அவரிடமே சொல்லுங்கள், ஆச்சி. மனத்துக்குள் பூட்டிவைத்தால் சிகிச்சையே அறுந்துபோகலாம். உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த பிராய்டிடம் சிகிச்சைக்கு வந்த, டோரா என்று அவர் புனைபெயரிட்டு எழுதிய இளம்பெண், 1900 டிசம்பர் கடைசியில், சுமார் 11 வாரங்களிலேயே சிகிச்சையை விட்டுப் போனார். இந்த இடமாற்றத்தை உரிய காலத்தில் கையாளத் தவறிவிட்டதாக 1905-இல் பிராய்டே எழுதினார்.

சிகிச்சையாளர்மேல் காதல் வந்துவிட்டது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. – தேவகோட்டை

கூச்சம் வேண்டாம். 1915-இல் பிராய்ட் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். மருத்துவர் அந்தக் காதலை ஏற்கவும் கூடாது, அதட்டி அடக்கவும் கூடாது; அதன் வேரைத் தேட வேண்டும் என்றார். அது பொய்க் காதல் என்று தள்ளிவிடவும் இல்லை.

ஆனால் அவர் பதிலுக்குக் காதல் பேசினாலோ, தனியாகச் சந்திக்க அழைத்தாலோ, அன்றே நிறுத்திவிடுங்கள். தவறு முழுக்க அவருடையது. நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். புகார் கொடுக்கத் தயங்காதீர்கள்.

தீபாவளிக்கு மனகோலமும் சீப்புச்சீடையும் கொண்டுபோனேன், வாங்க மறுத்துவிட்டார். வெறுங்கையோடு போய் எங்களுக்குப் பழக்கமில்லையே! – பள்ளத்தூர்

மனம் நோகத்தான் செய்யும். சிலர் வாங்கிக்கொள்வார்கள், சிலர் மாட்டார்கள். மறுப்பவர் காரணத்தை இதமாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. அடுத்த முறை அந்த வருத்தத்திலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள். கொடுத்தால்தான் பிரியம் கிடைக்கும் என்று சிறுவயதில் பட்டதுண்டா என்பதும் அங்கே பேசத் தக்கது.

மருத்துவருக்கும் நோயாளிமேல் இப்படி உணர்வு வருமா? – கானாடுகாத்தான்

வரும். 1910-இல் பிராய்ட் இதைக் கடக்க வேண்டிய தடையாகப் பார்த்தார். 1950-இல் உளப்பகுப்பாய்வாளர் பவுலா ஹைமன், நோயாளியைப் புரிந்துகொள்ள அதுவே ஒரு கருவி என்று எழுதினார். உளப்பகுப்பாய்வு பயில்கிறவர், முதலில் தாமே இன்னொருவரிடம் பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும் என்ற விதி இதனால்தான்.