கொழும்பில் இருந்தே வெளியுறவுக் கொள்கை அறிஞராக வர முடியுமா?

வெளியுறவுக் கொள்கை ஆய்வாளராகவும் பேச்சாளராகவும் வரக் கொழும்பில் வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் துறை இருக்கிறது. பண்டாரநாயக்க சர்வதேச கற்கைகள் நிலையம் 1974 முதல் இயங்குகிறது. ஆனால், மூல ஆவணங்களை வரி வரியாகப் படிக்கும் பழக்கமே ஒருவரை இத்துறையில் நிலைநிறுத்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

கச்சதீவையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974 உடன்படிக்கையின் 5ஆம் உறுப்புரை, இந்திய மீனவரும் யாத்திரிகரும் பயண ஆவணமோ விசாவோ இன்றித் தீவுக்கு வந்துபோகலாம் என்கிறது. 1976இல் இரு நாடுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களோ, ஒரு நாட்டின் மீனவர் மற்ற நாட்டின் கடற்பரப்பில் மீன்பிடிக்கலாகாது என்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்தான் மன்னார் மீனவர் முன்னிலையிலும் கொழும்புக் கருத்தரங்கிலும் ஒரே கருத்தைத் தயங்காமல் சொல்ல முடியும்.

பேச்சுக்கலைக்கு, 1959இல் ஒக்ஸ்போர்ட் யூனியன் என்ற மாணவர் விவாத மன்றத்தின் தலைவராக விளங்கி, 1994இல் வெளிவிவகார அமைச்சரான லக்ஷ்மன் கதிர்காமரின் உரைகளை வாசியுங்கள். கூடவே சிங்களத்திலும் பேசப் பழகுங்கள்.