62-இல் 38 போனால் 36

அன்புள்ள சார்,

பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள் எதிலும் ஒட்டாமல் இருக்கிறார்கள். கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தேன், மாலையில் தனி வகுப்பு வைத்தேன், வீடியோ போட்டுக் காட்டினேன். எத்தனை தடவை சொன்னாலும் ஏறவில்லை. ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்ட ஒரு பையன் 62-இலிருந்து 38-ஐக் கழித்து 36 என்று எழுதுகிறான். ஐம்பது கழித்தல் கணக்குகள் போட்டு வரச் சொன்னேன், பாதி தப்பு. இப்படிப்பட்டவர்களுக்கு ஓர் ஆசிரியர் உண்மையில் என்னதான் செய்ய முடியும்? மற்ற பிள்ளைகளின் படிப்பும் கெடக்கூடாதே.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பிள்ளைகள் எழுதும் தப்பு விடைகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தக் கடைசி பெஞ்சை நாளைக்கே கலைத்துவிடுங்கள். தனி வகுப்பு, வீடியோ எல்லாம் உங்கள் சௌகரியம். கண், காது பரிசோதனை நடந்ததா என்று பாருங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளை, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு வாயே திறக்காது. வாசிக்கவே பெரும்பாடு படும் பிள்ளை இருந்தால், கற்றல் குறைபாடு பற்றித் தெரிந்தவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

சரி, அந்த 36-க்கு வருகிறேன். பையனுக்கு எதுவும் ஏறாது என்பதற்குச் சாட்சியாக அதை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள்மீது கோபம் வந்தது அங்கேதான். அந்த விடையை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தீர்களா? 2-இல் 8 போகாது. ஆகவே அவன் 8-இல் 2-ஐக் கழித்தான், 6. அப்புறம் 6-இல் 3 போனால் 3. விடை 36. அவன் குருட்டாம்போக்கில் எழுதவில்லை. ஒரு விதி வைத்திருக்கிறான், அதைப் பிசகாமல் பின்பற்றுகிறான். அந்த விதி அவனுக்கு எங்கிருந்து கிடைத்திருக்கும்? 'எப்போதும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கணும்' என்று சின்ன வகுப்பில் யாரோ ஓர் ஆசிரியர் சொல்லியிருப்பார். சொன்னதைச் செய்கிறான்.

இதே பையனிடம் 68-இலிருந்து 32-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். அதற்கும் 36 என்றுதான் எழுதுவான், நீங்கள் டிக் போடுவீர்கள். ஐம்பதில் பாதி தப்பு என்றீர்களே, எந்தப் பாதி என்று பார்த்தீர்களா? கடன் வாங்கிக் கழிக்க வேண்டிய பாதியாகத்தான் இருக்கும். மற்ற பாதியில் அவனுடைய விதி சரியாகவே வேலை செய்யும். ஐம்பது கணக்கு கொடுத்து, அந்தத் தப்பான விதியை ஐம்பது தடவை பழக வைத்திருக்கிறீர்கள். அதில் பாதிக்கு உங்கள் கையாலேயே டிக் வேறு. அவன் எப்படி அம்மா அதைக் கைவிடுவான்?

இது என் சொந்த ஊகம் இல்லை. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் பிள்ளைகளின் கழித்தல் தப்புகளை ஆராய்ந்து 1978-இல் எழுதினார்கள். பல தப்புகளுக்குப் பின்னால் மாறாத ஒரு விதி இருப்பதைக் காட்டினார்கள். ஆசிரியப் பயிற்சிக்கென்று ஒரு கணினி விளையாட்டும் செய்தார்கள். அதில் கணினிதான் மாணவன். ஒரே மாதிரியாகத் தப்புப் போடும். அது எந்த விதிப்படி போடுகிறது என்று ஆசிரியர் கண்டுபிடிக்க வேண்டும்.

சின்ன வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், நூற்று ஐந்து என்று சொன்னால் 1005 என்று எழுதுவான். அதற்காக ஓர் ஆசிரியரிடம் தினமும் அடி வாங்கினான். அடுத்து வந்த டீச்சர் அடிக்கவில்லை, அழித்து எழுதச் சொல்லவும் இல்லை. "இதை எனக்குப் படிச்சுக் காட்டு" என்றார். அவன் விரலை வைத்து, "நூறு... அஞ்சு" என்று படித்தான். காதில் விழுந்ததை வரிசையாக எழுதியிருக்கிறான், அவ்வளவுதான். டீச்சர் ஒரு சீட்டில் 100 என்றும், ஒரு சின்னத் துண்டில் 5 என்றும் எழுதினார். துண்டை எடுத்து நூறின் கடைசிப் பூஜ்யத்தின் மேல் வைத்தார். அவன் துண்டைத் தூக்கிப் பார்த்தான், மறுபடி வைத்தான், மறுபடி தூக்கினான். "அடியில பூஜ்யம் இருக்கு டீச்சர்!" என்று கத்தினான். அந்தக் குரல் இன்னும் எனக்குக் கேட்கிறது. ஒருவர் உட்கார்ந்து கேட்டிருந்தால் அத்தனை அடியும் மிச்சமாகியிருக்கும்.

வகுப்பில் இத்தனை பேர் இருக்கும்போது ஒவ்வொருவரிடமும் எப்படிக் கேட்பது என்பீர்கள். எல்லோரிடமும் கேட்க வேண்டியதில்லை. நாளைக்கு அந்த ஒரே கணக்கை எல்லோருக்கும் கொடுத்து, விடையைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். டிக்கும் வேண்டாம், பெருக்கல் குறியும் வேண்டாம். ஒரே விடை வந்த சீட்டுகளை ஒன்றாக அடுக்குங்கள். 36 என்று எழுதியவர்கள் பெரியதில் சிறியதைக் கழித்தவர்கள். 34 என்று எழுதியவர்கள் கடன் வாங்கிவிட்டுப் பத்தாமிடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்திருப்பார்கள். 100 வந்தால் அவர்கள் கூட்டியிருக்கிறார்கள், குறியைக் கவனிக்கவில்லை. மூன்று கட்டுக்கும் மூன்று விதமாகப் பேச வேண்டும். நீங்கள் இத்தனை நாளும் எல்லோருக்கும் ஒரே விளக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறீர்கள். 36-காரனிடம், "36-ஓட 38-ஐக் கூட்டிப் பார், 62 வருதா?" என்று மட்டும் கேளுங்கள். 74 வரும். அவன் விதி அவன் கண்ணெதிரே உடையும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது காதில் விழும்.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கவும் வேண்டும். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சுமார் ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தபோது விடைகள் நீண்டன, மந்தம் என்று ஆசிரியர்கள் முடிவுகட்டிய பிள்ளைகளும் கூடுதலாகப் பேசினார்கள். பையன் வாயைத் திறப்பதற்குள் நீங்களே விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

மற்ற பிள்ளைகளின் படிப்பு கெடுமே என்ற கவலையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நன்றாகப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் 34 எழுதுகிறார்கள் என்று சீட்டு வந்ததும் தெரியும்.

அடுத்த கடிதத்தில், எந்த விடையை எத்தனை பேர் எழுதினார்கள் என்று அப்படியே எழுதுங்கள். எந்தக் கட்டிலும் சேராத விடை ஏதாவது வந்தால், அந்தப் பிள்ளையை உட்காரவைத்துக் கேட்டுவிட்டு, அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே அனுப்புங்கள்.

அன்புடன்.