கணினி கேள்வி-பதில்: கிரப் ஏறியாச்சு, ஆனா கர்சர் மட்டும் சிமிட்டுது!

கேள்வி: பாலக்கோட்டில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். பெங்களூரில் கழித்துப் போட்ட பழைய டெஸ்க்டாப்புகளை ஓசூரில் மலிவாக வாங்கி வந்தேன், எல்லாம் யூஇஎஃப்ஐ (மெஷினைக் கிளப்பும் புது முறை) இல்லாத பழைய பயாஸ் மெஷின்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக லினக்ஸ் போட முடியாது என்று என் லேப்டாப்பிலேயே ஒரு டிஸ்க் இமேஜ் (முழு டிஸ்கையும் அடக்கிய ஒரே ஃபைல்) தயார் செய்தேன். எம்பிஆர் வகை பார்ட்டிஷன் டேபிள், ஒரே ஈஎக்ஸ்டி4 (லினக்ஸ் ஃபைல் சிஸ்டம்) பார்ட்டிஷன். ஆஃப்செட் (எத்தனையாவது பைட்டிலிருந்து என்பது) 1048576 கொடுத்து மவுன்ட் செய்து, டெபியனை இறக்கி, லூப்0-வுக்கு (ஃபைலை டிஸ்க் போலக் காட்டும் டிவைஸ்) கிரப்-இன்ஸ்டால் (கிரப் என்ற பூட் லோடரை ஏற்றும் கட்டளை) ஓட்டினால் 'பிளாக்லிஸ்ட் நம்பகமானதல்ல, தொடர மாட்டேன்' என்று நின்றுவிட்டது. ஃபோர்ஸ் ஆப்ஷன் சேர்த்ததும் பிழையில்லாமல் முடிந்தது. ஆனால் மெஷினில் போட்டால் கருப்புத் திரையில் கர்சர் மட்டும் சிமிட்டுகிறது. எங்கே தப்பு?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: அந்த ஆஃப்செட்டில்தான் கோளாறு. 1048576 என்பது 2048 செக்டரை 512 பைட்டால் பெருக்கி வருவது, அதாவது உங்கள் பார்ட்டிஷன் தொடங்கும் இடம். அந்த எண்ணைக் கொடுத்து மவுன்ட் செய்ததால் லூப்0 என்பது முழு டிஸ்க்காக இல்லாமல் வெறும் பார்ட்டிஷனாகிவிட்டது, அதற்கு முன்னால் இருக்கும் 1 எம்பி கிரப்பின் கண்ணிலேயே படவில்லை. கிரப்புக்கு வேண்டியதோ அந்த இடம்தான். முதல் செக்டரின் 512 பைட்டில் 446 பைட் பூட் கோடு, 64 பைட் பார்ட்டிஷன் டேபிள், கடைசி 2 பைட் முத்திரை. அந்த 446-க்குள் முழு கிரப்பும் அடங்காது, அதனால் கோர் இமேஜ் என்கிற பெரிய துண்டை அடுத்த செக்டரிலிருந்து காலியிடத்தில் வைக்கும். நீங்கள் ஃபோர்ஸ் போட்டதும் கிரப்பின் பூட் கோடு வேறு வழியில்லாமல் பார்ட்டிஷனின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது, தெருவாசலை விட்டுவிட்டு சமையலறைக் கதவில் பெயர்ப்பலகை மாட்டின மாதிரி. பயாஸ் டிஸ்கின் முதல் செக்டரைத்தான் படிக்கும், அங்கே ஒன்றுமில்லை. (ஈஎக்ஸ்டி4 தன் முதல் 1024 பைட்டைக் காலியாக விட்டு வைப்பதால் ஃபைல்களுக்குச் சேதம் இல்லை, பயப்படாதீர்கள்.)

நான் சொல்வதை நம்பவேண்டாம், எக்ஸ்எக்ஸ்டி கட்டளையில் இமேஜின் முதல் 512 பைட்டைப் பாருங்கள். கடைசியில் 55 ஏஏ இருக்கும், அது எஃப்டிஸ்க் வைத்த முத்திரை, மேலே பெரும்பாலும் பூஜ்யமாகவே ஓடும். கிரப் ஒழுங்காக ஏறிய டிஸ்கில் வலப்பக்கம் 'கிரப்', 'ஜியோம்', 'ஹார்டு டிஸ்க்' என்று ஆங்கில எழுத்துகள் துண்டு துண்டாகத் தெரியும்.

சரி, இப்போது சரிசெய்வோம். மவுன்ட்டை எடுத்துவிட்டு பழைய லூப்பைக் கழற்றுங்கள். லோஸெட்அப் கட்டளையில் ஆஃப்செட் எதுவும் கொடுக்காமல், பார்ட்ஸ்கேன் ஆப்ஷனோடு முழு ஃபைலையும் இணைத்தால் லூப்0, லூப்0பி1 என்று இரண்டு வரும். பி1-ஐ மவுன்ட் செய்யுங்கள், பூட் டைரக்டரியாக அதற்குள் இருக்கும் பூட் ஃபோல்டரைக் காட்டுங்கள், கிரப்பை மட்டும் பி1 இல்லாத வெறும் லூப்0-வுக்கு ஏற்றுங்கள். ஃபோர்ஸ் வேண்டவே வேண்டாம், அது கேட்கிறது என்றாலே வேறு எங்கோ தப்பு இருக்கிறது. லேப்டாப் யூஇஎஃப்ஐ என்றால் டார்கெட் ஐ386-பிசி (பயாஸ் வகை) என்று சொல்லியே ஆகவேண்டும், அதற்கு கிரப்-பிசி-பின் பேக்கேஜ் போதும், கிரப்-பிசி-யைப் போட்டால் லேப்டாப்பின் சொந்த கிரப்போடு மோதும். என்டர் தட்டும் முன் டிவைஸ் பெயரை ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள், லூப்0 இருக்க வேண்டிய இடத்தில் எஸ்டிஏ இருந்தால் லேப்டாப்பின் டிஸ்கில் கை வைத்துவிடுவீர்கள்.

அப்புறம் மெனு. அப்டேட்-கிரப்பை லேப்டாப்பில் நேராக ஓட்டினால் லேப்டாப்பின் மெனுதான் எழுதப்படும். டெவ், பிராக், சிஸ் மூன்றையும் பைண்ட் மவுன்ட் செய்து, சிஎச்ரூட்டுக்குள் (இமேஜுக்குள் இருக்கும் சிஸ்டத்தையே ரூட்டாகக் காட்டும் கட்டளை) போய் ஓட்டுங்கள். முடிந்ததும் கிரப் கான்ஃபிக் ஃபைலில் 'லூப்' என்ற சொல்லைத் தேடிப்பாருங்கள். ரூட் என்பதற்கு எதிரே லூப்0பி1 என்று எழுதியிருந்தால் மெனு வரும், கெர்னலும் கிளம்பும், ரூட் டிஸ்க் கிடைக்காமல் பாதியில் நிற்கும். அங்கே யூயூஐடி (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) இருக்கவேண்டும், எஃப்எஸ்டேபிலும் (எதை எங்கே மவுன்ட் செய்வது என்ற பட்டியல்) அப்படியே. எல்லா மெஷினுக்கும் எழுதும் முன் லேப்டாப்பிலேயே க்யூஈமு-வில் (மெய்நிகர் கணினி மென்பொருள்) ஒரு தடவை பூட் செய்து பாருங்கள், பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றி மாட்டும் வேலை மிச்சம்.

கேள்வி: என் இமேஜ் க்யூகவ்2 (க்யூஈமு-வின் சொந்த டிஸ்க் இமேஜ்) வடிவம். லோஸெட்அப் ஏற்கிறது, ஆனால் பார்ட்டிஷனே காட்டவில்லையே?
– இன்னொரு வாசகர், ஊத்தங்கரை

பதில்: காட்டாது. லூப் அந்த ஃபைலை அப்படியே பைட் பைட்டாகக் காட்டும், க்யூகவ்2-வின் உள் அமைப்பு அதற்குப் புரியாது. டிஸ்கில் இடம் இருந்தால் க்யூஈமு-இமேஜ் கட்டளையில் ரா வடிவத்துக்கு மாற்றிவிட்டு மேலே சொன்னபடி செய்யுங்கள். இடம் இல்லையென்றால் என்பிடி (நெட்வொர்க் பிளாக் டிவைஸ்) கெர்னல் மாட்யூலை ஏற்றி, க்யூஈமு-என்பிடி மூலம் இணைத்து, லூப்0 வரும் இடத்தில் எல்லாம் என்பிடி0 என்று போடுங்கள்.