மெயில் எங்கே இருக்கிறது?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் எல்லாரும் கணினியில் வைத்துக்கொள்ள ஒரு மெயில் மென்பொருளைப் பரிந்துரைக்கும் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். அவுட்லுக்தான் வேண்டும் என்கிறது அலுவலகம். இலவசமான தண்டர்பேர்ட் போதும் என்கிறார்கள் கணினித் துறையினர். எதைச் சொல்வது?

பதில்: இந்தச் சண்டை உங்களோடு தொடங்கியதல்ல. மெயில் மென்பொருள்கள் பல பிறந்ததே பல்கலைக்கழகங்களில்தான். யுடோரா 1988இல் அமெரிக்காவின் இல்லினாயில், பெகாசஸ் 1990இல் நியூசிலாந்தின் ஒடாகோவில். பழகியதை விடமாட்டேன் என்று அடம்பிடிப்பவர்கள் அன்றும் உண்டு.

சரி, மென்பொருளை விடுங்கள். மெயில் எங்கே இருக்கப்போகிறது என்று முதலில் கேளுங்கள். நான் கணினி மையத்தில் இருந்தபோது ஒரு பேராசிரியர் தன் கணினிப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தார். ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. சர்வரில் பார்த்தால் அன்று காலை வந்த இரண்டு மெயில்கள்தான். மற்றதெல்லாம் பாப் முறையில் அவர் கணினிக்கு இறங்கி, சர்வரிலிருந்து அழிந்துபோயிருந்தன. 'சர்வரிலும் ஒரு பிரதி இருக்கட்டும்' என்ற கட்டத்தில் டிக் இல்லை. அந்தக் கணினியை அமைத்துக் கொடுத்தவன் நான்தான்.

ஆகவே பாப் வேண்டாம், ஐமேப் என்ற முறை. மெயில் சர்வரிலேயே இருக்கும்; ஆய்வகத்தில் படித்தது வீட்டு லேப்டாப்பிலும் படித்ததாகவே தெரியும். இதை ஒழுங்காகச் செய்யும் எதுவும் எனக்குச் சம்மதம். அப்புறம், ஓஆத் வழியாக, அதாவது பாஸ்வேர்டை மென்பொருளிடம் கொடுக்காமல் மெயில் சேவையின் பக்கத்திலேயே போட்டு, உள்நுழைய வருமா என்று பாருங்கள். வெறும் பாஸ்வேர்டோடு வரும் பழைய மென்பொருள்களை மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரிலிருந்து தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் என்ற மெயில் சேவையில் அடைக்கத் தொடங்கிவிட்டது.

இனி பெயருக்கு வருவோம். கூட்ட அழைப்பும் காலண்டருமாக நாளை ஓட்டும் அலுவலகத்திடமிருந்து, உங்கள் மெயில் எக்ஸ்சேஞ்சில் இருக்கும்வரை, அவுட்லுக்கைப் பிடுங்காதீர்கள். ஆனால் உங்கள் சர்வர் உங்களுடையதே என்றால் ஒரு எச்சரிக்கை: புதிய அவுட்லுக்கில் வெளி ஐமேப் கணக்கைச் சேர்த்தால் மெயில்களின் பிரதி மைக்ரோசாஃப்டின் கிளவுடுக்கும் போகும். குழுவில் யாராவது இதைச் சத்தமாகச் சொல்லியாக வேண்டும். மாணவருக்கும் ஆசிரியருக்கும் தண்டர்பேர்ட். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒரே உதவிக் குறிப்பு எழுதினால் போதும். வேறு எதையாவது வைத்துக்கொள்வேன் என்பவரிடம் சர்வர் பெயரையும் 993 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

முடிவெடுக்குமுன் இரண்டு கணினிகளில் ஒரே கணக்கைப் போட்டு, 'தேர்வு' என்று தமிழிலேயே ஒரு ஃபோல்டர் திறந்து பாருங்கள். மற்றதிலும் எழுத்து உடையாமல் வர வேண்டும். அந்த ஃபோல்டர் மட்டும் தண்டர்பேர்டின் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்பதற்குள் போய்விடக் கூடாது. அங்கே நகர்த்திய மெயில் சர்வரை விட்டுப் போய்விடும். பேராசிரியர் மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்.