போலீஸ் வேலை ஆளை மாற்றிவிடுமா? ஒரு போலீஸ்காரர் மனைவியின் பதில்

கேட்டிருப்பது இது: "என் தம்பிக்குப் போலீஸ் வேலை கிடைத்திருக்கிறது. வருஷம் போகப் போகப் போலீஸ்காரர்களின் மனசு எப்படி மாறுகிறது? நல்ல பையன்கூடக் கெட்டுப்போவான் என்கிறார்களே, உண்மையா?"

நான் போலீஸ் இல்லை, போலீஸ்காரரின் மனைவி. என் வீட்டுக்காரர் 1985-ல் மலேசியப் போலீஸ் பயிற்சி மையமான புலாபோலில் பயிற்சி முடித்துக் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவர். அறுபது வயதில் சார்ஜனாக ஓய்வு பெற்றார். இப்போது பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். இரண்டு பேர் வீட்டிலும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள்தான்.

மாறுவார்களா என்றால், மாறுவார்கள். ஆனால் ஒரே போக்காகக் கெட்டுக்கொண்டே போவதில்லை. நடுவில் ஒரு மோசமான காலம் வரும். அதை எப்படித் தாண்டுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆரம்பத்தில் முதலில் மாறுவது சொந்தக்காரர்கள். கோவில் திருவிழாவுக்குப் போனால் சாமி கும்பிடுவதற்குள் யாராவது போக்குவரத்துச் சம்மனைக் கையில் திணித்துவிடுவார்கள். "மாப்பிள்ளை, இதைக் கொஞ்சம் பாருங்களேன்." முடியாது என்றால் தலைக்கனம் பிடித்தவன். கூடப் பந்து விளையாடியவர்கள் இவர் போய் உட்கார்ந்ததும் பேச்சை மாற்றுவார்கள். அப்புறம் யாரோடுதான் பழகுவது? போலீஸ்காரருக்குப் போலீஸ்காரர்களே கூட்டாளி ஆகிவிடுகிறார்கள். ஒருத்தனை ஒருத்தன் விட்டுக்கொடுக்க மாட்டானுங்க என்று திட்டுகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

உண்மையான மாற்றம் அதற்குப் பிறகுதான். பலர் நினைப்பது போல அது திருடர்களாலோ குண்டர்களாலோ வருவதில்லை. என் வீட்டுக்காரரை மாற்றியது வீட்டுச் சண்டை ரிப்போர்ட்டுகள்.

தோட்டப்புற ஸ்டேஷன் ஒன்றில் இருந்த காலம். நடு ராத்திரியில் ஒரு பெண் வருவாள். சம்சு என்கிற மலிவுச் சாராயம் குடித்த புருஷன் அடித்ததில் உதடு கிழிந்திருக்கும். ஓடி வந்ததில் ஒரு காலில் மட்டும்தான் ஜப்பான் சிலிப்பர் இருக்கும். இவர் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, அவள் தமிழில் சொல்வதை மலாயில் எழுதி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, ஆளைத் தேடிப் பிடித்து லோக்காப்பில் போடுவார். விடிந்தால் அதே பெண் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து நிற்பாள். "ஐயா, அவரு வேலைக்குப் போகணும், விட்டுடுங்க. நான்தான் வழுக்கி விழுந்துட்டேன்."

இப்படிப் பலபேரைப் பார்த்த பிறகு, ரிப்போர்ட் எழுதப் பேனாவை எடுக்கும் முன்னாலேயே, "நாளைக்கு வந்து வாபஸ் வாங்க மாட்டியே?" என்று கேட்க ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருடன் பொய் சொல்வான் என்று தெரிந்துதான் இந்த வேலைக்கு வருகிறார்கள், அதில் ஏமாற்றம் இல்லை. உதவி கேட்டு வந்தவரே பொய் சொல்லும்போதுதான் மனசு விட்டுப்போகிறது.

அவள் ஏன் பொய் சொல்கிறாள் என்று தோட்டத்தில் பிறந்த எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். லயத்து வீடு தோட்ட வேலையோடு ஒட்டியது. புருஷனுக்கு வேலை போனால் வீடும் போகும், பிள்ளைகளோடு ரோட்டில் நிற்க வேண்டும். தெரிந்தாலும், நடு ராத்திரியில் டியூட்டி பார்க்கிறவனுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வராது. குடும்ப வன்முறைச் சட்டம் 1994-ல் நிறைவேறி 1996-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பெல்லாம் "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கோங்க" என்று அனுப்பிவிடுவது சாதாரணம். சட்டம் வந்த பிறகும் அந்தப் பேச்சு லேசில் போகவில்லை.

என் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது அவள் நோட்டில் ஒரு பெயர் பார்த்தேன்: ஆர்தர் நீடர்ஹோஃபர். நியூயார்க் போலீசில் பல வருஷம் இருந்துவிட்டு ஆய்வாளர் ஆனவர். போலீஸ்காரர்களிடமே கேள்வித்தாள் கொடுத்து, 1967-ல் அதைப் புத்தகமாக எழுதினார். மனிதர்கள்மேல் அவநம்பிக்கை முதல் சில வருஷங்களில் வேகமாக ஏறும், அப்புறம் ஓர் இடத்தில் நிற்கும், ஓய்வு நெருங்கும்போது கொஞ்சம் இறங்கும் என்பது அவர் கண்டது. பிறகு ஆராய்ந்தவர்கள் எல்லாரும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுக்கு மட்டும் அச்சாகப் பொருந்தியது.

90-களில் கோலாலம்பூருக்கு மாற்றல், குற்றப்புலனாய்வு வேலை. அப்போது 1969-ல் வந்த அவசரகாலச் சட்டம் ஒன்று கையில் இருந்தது. 'இ.ஓ.' என்பார்கள். சாதாரண வழக்கில் பிடித்த ஆளை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். இ.ஓ.வில் 60 நாள் உள்ளே வைக்கலாம். அப்புறம் அமைச்சர் கையெழுத்துப் போட்டால் சிம்பாங் ரெங்கம் தடுப்பு முகாமில் இரண்டு வருஷம். நம் பையன்கள் எத்தனையோ பேர் அந்த வழியில் போனார்கள். சாட்சி தேடி அலையத் தேவையில்லை என்றால் யார் அலைவார்கள்? ஆளைப் பார்த்தாலே தெரியும் என்கிற பேச்சு அவர் வாயில் வந்தது அந்தக் காலத்தில்தான். மகளின் சிநேகிதிகளைக்கூட அப்பா என்ன வேலை என்று விசாரிப்பார். கடையில் கதவைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவார்.

(கோப்பி காசு, அதாவது லஞ்சம் பற்றியும் கேட்பீர்கள். எங்கள் குவார்ட்டர்ஸில் கடனில் கழுத்துவரை மூழ்கியவர்கள்தான் முதலில் கை நீட்டினார்கள். உங்கள் தம்பியிடம் புதுக் கார் லோன் பற்றிக் கண்டிப்பாகப் பேசுங்கள்.)

2011 கடைசியில் நாடாளுமன்றம் அவசரகாலப் பிரகடனங்களை நீக்கியது. அடுத்த வருஷம் இ.ஓ.வும் செத்தது. கையைக் கட்டிப்போட்டுவிட்டார்கள் என்று பழைய ஆட்கள் புலம்பினார்கள். இவரும்தான். சின்ன வயசு இன்ஸ்பெக்டர்கள் புலம்பவில்லை, சிசிடிவி, போன் ரெக்கார்டு என்று வேலையைப் பார்த்தார்கள்.

அதற்கு முன்னால் 2007 நவம்பர் 25. இந்தியர் உரிமைக்காக ஹிண்ட்ராஃப் அமைப்பு நடத்திய பேரணி. என் தம்பி கோலாலம்பூரில் கண்ணீர்ப்புகைக்கு நடுவில் நின்றான். என் வீட்டுக்காரர் வேறு இடத்தில் யூனிஃபார்மில் நின்றார். அந்த வருஷக் கடைசியில் வீட்டுக்கு வந்த தம்பி இவரோடு சாப்பிட உட்காரவில்லை. "ரெண்டு பக்கமும் நம்மை நம்ப மாட்டான்" என்று மட்டும் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் தட்டோடு எழுந்து போனார். தமிழ் போலீஸ்காரர்கள் எண்ணிக்கையில் குறைவு, இதை ஸ்டேஷனில் யாரிடம் பேசுவது?

மனசு இறங்கியது கடைசிப் பத்து வருஷத்தில். பேராவில் ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்தார். அங்கே இன்றைக்குப் பிடித்தவனின் அம்மாவிடம்தான் நாளைக்குக் கீரை வாங்க வேண்டும். வாயைத் திறந்து கத்தினால் ஊரே பேசும். இனிமேல் பதவி உயர்வு இல்லை என்று தெரிந்ததும், மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்ற பயமும் போயிற்று. வாபஸ் வாங்குவாயா என்று கேட்பதையும் நிறுத்திவிட்டார். "அவ நாலு தடவை வாபஸ் வாங்கட்டும், அஞ்சாவது தடவை கோர்ட்ல இந்த நாலு ரிப்போர்ட்டும் பேசும்" என்று புதுப் பையன்களிடம் சொல்வாராம்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2005-ல் முன்னாள் தலைமை நீதிபதி ஜைடின் அப்துல்லா தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 125 பரிந்துரைகளைக் கொடுத்தது. போலீஸ்மேல் வரும் புகார்களை வெளியார் விசாரிக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. அன்றைக்கு என் வீட்டுக்காரர் டிவி முன்னால் மேசையைத் தட்டிக் கோபப்பட்டார். அப்படியோர் ஆணையம், கேட்டதைவிடக் குறைந்த அதிகாரத்தோடு, 2023 ஜூலையில் வந்தது. என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "வரட்டுமே, ஒழுங்கா வேலை செய்யறவனுக்கு என்ன?" என்றார்.

எல்லாருக்கும் இப்படி இறங்குவதில்லை. பென்ஷனுக்கு நாள் எண்ணிக்கொண்டு, தனக்குக் கிடைக்காத பதவிக்காகப் புதுக் கான்ஸ்டபிள்கள்மேல் எரிந்து விழுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

தம்பி விஷயத்தில் என் யோசனை: முதல் வருஷத்தில் அவன் யாரோடு டியூட்டி பார்க்கிறான் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த சீனியர் பேசுவதைத்தான் ஐந்து வருஷம் கழித்து அவனும் பேசுவான். வீட்டில் யாரும் சம்மனைத் தூக்கிக்கொண்டு அவனிடம் போகாதீர்கள். லீவில் வந்தால் போலீஸ் இல்லாத பழைய கூட்டாளிகளோடு பந்து விளையாட அனுப்புங்கள். முதல் போஸ்டிங் எங்கே என்று எழுதுங்கள். பேரா பக்கமென்றால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.